வாத்தியாரின் எதிரணிகள்

தில்லி சாணக்யபுரியை ஆட்டோவில் ஒரு சுற்றுச் சுற்றினால் பழைய கால்பந்து அட்டவணை ஒன்றைப் படித்து முடித்துவிடலாம். சாந்தி பாதையில் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜப்பான். நீதி மார்க்கில் ஹங்கேரியும், யூகோஸ்லாவியாவின் வாரிசான செர்பியாவும். சந்திரகுப்த மார்க்கில் தென்கொரியா. காவலர்களும் உயர்ந்த மதில்களுமாக நிற்கும் இந்தத் தூதரகங்களின் நாடுகள் அத்தனையோடும் இந்திய அணியை மோதவிட்டவர் ஹைதராபாத்தின் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் சையத் அப்துல் ரஹீம்.

1909-இல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போனார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியைப் பழக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அந்த அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை தூக்கிச் சென்றது.

பந்தைத் தனியாளாக உருட்டிக்கொண்டு போய்க் கைதட்டல் வாங்குவது ரஹீமுக்குப் பிடிக்காது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடு போட்டிகளே நடத்தினார். வகுப்பறையில் தேர்வு வைப்பது போலத்தான். செகந்திராபாத் பக்கத்து அம்முகூடாவிலிருந்து வந்த துளசிதாஸ் பலராமுக்குப் பயிற்சிக்கு வரப் பணமில்லை. வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து வரவழைத்தார் ரஹீம். இந்தியாவின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர் உருவானது அப்படித்தான்.

1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று தங்கம். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று உதை. இன்னொருவராக இருந்தால் வேலையை விட்டே ஓடியிருப்பார். நான்கே ஆண்டில், 1956 மெல்போர்னில், பூட்ஸ் அணிந்த இந்தியர்கள் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என வீழ்த்தினார்கள். நெவில் டிசோசா 3 கோல் போட்டார். கடைசியில் கிடைத்தது நான்காம் இடம். 1960 ரோமில் ஹங்கேரியிடம் 1-2 எனத் தோல்வி, பிரான்சுடன் 1-1 எனச் சமம்.

கௌடில்ய மார்க்கில் இருக்கும் இந்தோனேசியத் தூதரகம் தனிக்கதை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடவில்லை. இந்தியாவின் ஜி.டி.சோந்தி அதைக் கண்டித்தார். ஆத்திரம் முழுவதும் இந்திய அணியின் மீது திரும்பியது. அங்கிருந்த இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. ரஹீமின் உடலிலோ புற்றுநோய்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்துடன் ஆடும்போது தடுப்பாட்டத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல். வேறு ஆள் இல்லையா என்று தேடுவதுதான் வழக்கம். ரஹீம் காயம்பட்டவரையே முன்களத்துக்கு மாற்றினார். ஜப்பானையும் தென்வியட்நாமையும் கடந்து, செப்டம்பர் 4 இறுதிப் போட்டியில் மீண்டும் அதே கொரியா. கோல் காக்க பீட்டர் தங்கராஜ். வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடியவர் என்பதால் நம்மவர் என்று உரிமை கொண்டாடலாம். ஏறத்தாழ 1 லட்சம் பேர் ஊளையிட, பி.கே.பானர்ஜி ஒரு கோல், தலைக்கட்டோடு ஜர்னைல் ஒரு கோல். 2-1. தங்கம்.

1963 ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் காலமானார். வயது 53. ஓர் ஆசிரியரின் மூளையை நம்பியே ஓட்டிக்கொண்டிருந்த கால்பந்து சம்மேளனங்கள், அந்த மூளையில் இருந்ததைப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோக முயலவில்லை. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதன் பிறகு கிடைத்த ஒரே பதக்கம் 1970 பாங்காக் வெண்கலம். ரோமுக்குப் பின் ஒலிம்பிக் வாசலையே மிதிக்கவில்லை.

அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்த 'மைதான்' 2024-இல் திரைக்கு வந்தது. பி.கே.பானர்ஜியும், ஜகார்த்தாவில் தலைமை தாங்கிய சுனி கோஸ்வாமியும் 2020-லேயே போய்விட்டார்கள். சைக்கிளுக்குக் காசு வாங்கிய பலராம் 2023 பிப்ரவரியில்.