`முதுகு தாங்கும்... பிரேக் தாங்குமா?' - சித்தப்பாவின் பிக்கப் வண்டி சொல்லிக்கொடுத்த கணக்கு! | வீட்டுல ஒரு வண்டி

விடியற்காலை நாலே கால் மணிக்கு போன் அடித்தால் யாருக்குத்தான் பதறாது? எடுத்தால் சித்தப்பா.

``கண்ணு, பயப்படாத. எனக்கு ஒண்ணுமில்ல. வண்டியை மட்டும் கொஞ்சம் சுவத்துல சாச்சுட்டேன்.''

சித்தப்பா நாமக்கல் பக்கம் சொந்தமாக பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறார். கொல்லிமலையிலிருந்து பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். கொல்லிமலைப் பாதையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் இறங்கிய பிறகு பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கிறது. பதறாமல் கியரைக் குறைத்து, கை பிரேக்கை மெள்ள மெள்ள இழுத்து, மலைப் பக்கத்துச் சுவரில் வண்டியை உரசி நிறுத்திவிட்டார். இடது பக்கம் முழுக்கக் கீறல், கண்ணாடி காலி. நாலைந்து பலாப்பழம் ரோட்டில் உருண்டது. அவ்வளவுதான் சேதம். ஆனால், இன்னொரு பக்கம் பள்ளம்.

``சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா, அன்னிக்குப் பூரா சோறு எறங்கல அவருக்கு'' என்று சித்தி பிறகு சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். வொர்க்‌ஷாப்பில் வண்டியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து மாலை வரை கேள்வி கேட்டே அவரைப் படுத்தி எடுத்துவிட்டேன். இந்த வாரம் அதுதான் உங்களுக்கு.

குட்டி யானைகளின் ஊர்வலம்

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர் அதற்கு `குட்டி யானை' என்று பெயர் வைத்தது. 2011-ல் அசோக் லேலாண்டின் `தோஸ்த்' ஓசூரிலிருந்து வந்தது. இன்னொரு பக்கம் மஹிந்திராவின் பொலிரோ பிக்கப். காய்கறி மண்டி, தண்ணீர் கேன், சிமென்ட், கல்யாணப் பாத்திரம், வீடு மாற்றும் சாமான் என நம் அன்றாடத்தைச் சுமப்பவை இந்த வண்டிகள்தான். டிரைவர் வேலை பார்த்தவர் கடன் வாங்கி, தானே ஓனர் ஆவதும் பெரும்பாலும் இதில்தான். எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான்.

லைசென்ஸும் தடையில்லை. மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2017-ல் சொன்னதை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை. ஆகவே, வாங்குவது சுலபம். வைத்துக்கொள்வதில்தான் கணக்கு இருக்கிறது.

ஒன்றேகால் டன் எங்கே போனது?

``வண்டி எவ்வளவு தாங்கும்னு ஓனர்கிட்ட கேளுங்க, ஷோரூம்ல சொன்னதைச் சொல்வாங்க. ஆர்.சி புக்கைப் பாக்கச் சொல்லுங்க'' என்றார் மெக்கானிக் அண்ணன்.

ஆர்.சி-யில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, வண்டியின் வெற்று எடை. இன்னொன்று, சாலையில் அதிகபட்சம் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. அந்த வித்தியாசம் முழுக்க சரக்குக்குச் சொந்தமில்லை என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

சித்தப்பா வண்டிக் கணக்கையே பேப்பரில் போட்டோம். மொத்த எடை 2,990 கிலோ. வெற்று எடை 1,700. மீதி 1,290. `ஒன்றேகால் டன் வண்டி' என்று சொல்வது இதைத்தான். இதில் டிரைவரும் உதவியாளரும் 140 கிலோ. வாங்கிய பிறகு உயரமாகப் போட்ட இரும்புக் கம்பிக் கூண்டு 100 கிலோ. தார்ப்பாய், கயிறு, கூடுதல் டூல்ஸ் எல்லாம் சேர்த்து 50 கிலோ. மிஞ்சுவது சரியாக 1,000 கிலோ.

அன்று ஏற்றியிருந்தது ஒன்றரை டன். அதாவது, அரை டன் கூடுதல்.

``எப்பவும் ஏத்துறதுதானே... வண்டி ஒரு நாளும் முக்கினதே இல்லையே?'' என்றார் சித்தப்பா. ``முக்காதுதான். அதுக்குத்தான் நீங்க வைத்தியம் பாத்து வெச்சிருக்கீங்களே'' என்று வண்டிக்கு அடியில் கை காட்டினார் மெக்கானிக் அண்ணன். பின்பக்க ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக இரண்டு பட்டைகள்.

பட்டை சேர்த்தால் வண்டி ஏமாறும்

லோடு ஏற்றினால் பின்பக்கம் தொங்காமல் இருக்க, ஸ்பிரிங்கில் எக்ஸ்ட்ரா பட்டை போடுவது ஊரெல்லாம் நடக்கிற வேலை. வண்டி நிமிர்ந்து நிற்கும். `ஆஹா, தாங்குதே' என்று நமக்குத் தோன்றும். ஸ்பிரிங் தாங்குகிறது, சரி. ஆக்ஸில், டயர், வீல் பேரிங், பிரேக் எல்லாம் அதே பழையதுதானே?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றையும் காட்டினார். பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போகும். அது எல்.எஸ்.பி.வி என்ற வால்வை இயக்குகிற கம்பி. லோடு ஏறி வண்டி கீழே அமுங்கினால், `பின்னாடி வெயிட் இருக்கு' என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். வண்டி காலியாக நிமிர்ந்திருந்தால், பின் சக்கரம் வழுக்கிவிடாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எக்ஸ்ட்ரா பட்டை போட்டதால் ஒன்றரை டன் ஏற்றியும் வண்டி அமுங்கவில்லை. வால்வு, `வண்டி லேசாத்தான் இருக்கு' என்று நினைத்துக்கொள்கிறது. அதிகபட்ச லோடில், பின் பிரேக் குறைவாகப் பிடிக்கிறது. மொத்த பாரமும் முன் பிரேக்கின் தலையில்!

அந்த பாரம் எவ்வளவு என்று போனிலேயே கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட மூன்றரை டன் எடை, ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், சுமார் ஒன்பதரை யூனிட் கரன்ட்டுக்குச் சமமான சக்தி. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஒன்பதரை மணி நேரம் போட்டு வைத்தால் வருகிற சூடு அது. இன்ஜின் உதவாமல் பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால், அதில் பெரும்பகுதியை அந்தச் சின்ன பேடுகளும் டிரம்களும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மீதிக் கதையை பிரேக் ஆயில் முடித்துவைத்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெள்ள மெள்ள உறிஞ்சும். ஈரம் ஏற ஏற, அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். மலையில் பிரேக் சூடாகும்போது உள்ளே குமிழி வரும். திரவத்தை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். பெடல் பஞ்சானதற்குக் காரணம் இதுதான். பிரேக் ஆயிலை இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொது விதி. சித்தப்பா எப்போது மாற்றினார்? ``வாங்கினப்ப ஊத்தினதுதான் கண்ணு.'' வண்டிக்கு ஐந்து வயது.

இறக்கத்தில் நியூட்ரலா... வேண்டவே வேண்டாம்!

எந்த கியரில் ஏறினோமோ, அதே கியரில் இறங்க வேண்டும். அப்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து ஆறவிட்டு, மறுபடி அழுத்த வேண்டும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் உண்டு. மிச்சம் ஆகாது. இப்போதைய டீசல் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்காக டீசல் குடிக்கும். சாவியையே அணைத்துவிடும் சூரர்களுக்கு இன்னொரு சேதி: இன்ஜின் நின்றால், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கட்டையாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

எதைப் போடலாம்... எதை விடலாம்?

புது வண்டி எடுத்ததும் நம் ஆட்கள் முதலில் தேடுவது ஏர் ஹாரனும் கண்ணைக் கூசும் எல்.இ.டி பாரும். அந்தக் காசுக்கு இவற்றை வாங்கலாம் என்று மெக்கானிக் அண்ணன் ஒரு பட்டியல் போட்டார்.

* சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு வீல் கட்டைகள். ரோட்டோரக் கல்லை வைத்துவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் பின்னால் வரும் பைக்காரரின் உயிரை எடுக்கும்.
* முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். கூடவே, மடக்கி வைக்கும் முக்கோணப் பலகை.
* கயிற்றோடு நான்கு ராட்செட் பெல்ட். கயிறு ஓட ஓடத் தளரும். பெல்ட்டை இடையில் நிறுத்தி இறுக்கிக்கொள்ளலாம்.
* லோடு தாங்கும் ஜாக்கி, காற்று சரியாக உள்ள ஸ்டெப்னி, டயர் பிரஷர் பார்க்கும் சின்ன மீட்டர்.

ஏற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கனமானது அடியில், அதுவும் பின் ஆக்ஸிலுக்கு முன்னால். எல்லாவற்றையும் பின் கதவு ஓரமாகக் குவித்தால் முன்பக்கம் தூக்கி, ஸ்டீயரிங் லேசாகிவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். `2223' என்றிருந்தால் 2023-ம் வருடத்தின் 22-வது வாரத்தில் தயாரானது. செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயரை ஓட்டக் கூடாது. பஞ்சர் பார்த்து சக்கரம் மாட்டினால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். இதைச் செய்பவர்கள் ரொம்பக் குறைவு.

காலையில் ஐந்து நிமிடம்

வண்டியைக் கிளப்பும் முன் இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவு, நான்கு டயர், எல்லா லைட். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். டயர் பிரஷரை சூடாவதற்கு முன்பே பார்க்க வேண்டும். லோடு இருக்கும்போது வேறு அளவு, காலியாக இருக்கும்போது வேறு அளவு.

ஸ்பிரிங் ஷாக்கிள், புரொபல்லர் ஷாஃப்ட் கிராஸ் இரண்டிலும் கிரீஸ் நிப்பிள் இருந்தால், மழைக்காலத்தில் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் ஃபில்டர் இருக்கும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிகளில் இது அடைத்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால், ஹைவேயில் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் கரி எரிந்து சுத்தமாகும். விளக்கை மதிக்காமல் ஓட்டிக்கொண்டேயிருந்தால், ஃபில்டர் மாற்றும் பில் வரும்.

சித்தியின் நோட்டுப் புத்தகம்

வீட்டில் கணக்கு எழுதுவது சித்திதான். டீசல், இ.எம்.ஐ, இன்ஷூரன்ஸ், எஃப்.சி எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். புது சரக்கு வண்டிக்கு முதல் இரண்டு வருடம், பிறகு எட்டு வயது வரை இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்.சி என்பது சித்தப்பாவுக்கு மறந்தாலும் சித்திக்கு மறக்காது.

வொர்க்‌ஷாப் பில் 22,800 ரூபாய். பிரேக் ஷூ, பேடு, வீல் சிலிண்டர், டிரம் கடைசல், பிரேக் ஆயில், டிங்கரிங், பெயின்ட், கண்ணாடி. அன்று இரவு சித்தி நோட்டைத் திறந்தார்.

``அந்த அரை டன் கூட ஏத்துறதுக்கு நடைக்கு எவ்வளவுங்க அதிகம் தர்றாங்க?''

``அறுநூறு.''

சித்தி வகுத்துப் பார்த்தார். ``38 நடை. வாரத்துக்கு மூணு நடைன்னா மூணு மாசம் நீங்க மலையில உசுரைப் பணயம் வெச்சது இந்த ஒரு பில்லுக்குச் சரியாப் போச்சு.''

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. நான் என் பங்குக்கு, 2019 சட்டத் திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் மேலும் 2,000 என்பதைச் சொன்னேன். அதிகமாக உள்ள சரக்கை இறக்கிவைத்த பிறகுதான் வண்டியை விடுவார்கள், இறக்கும் செலவும் நம்முடையது என்பதையும் சொன்னேன். சித்தி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அதற்குக் கீழேயே, `கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் - வண்டி உண்டியல்' என்று புதிதாக ஒரு வரி. டயர், பிரேக், சர்வீஸ் எல்லாம் இனி அதிலிருந்துதான்.

எக்ஸ்ட்ரா பட்டைகளை மறுநாளே கழற்றியாகிவிட்டது. கம்பிக் கூண்டின் உயரமும் பாதியாகக் குறைந்தது. அரை டன் குறைந்ததில் ஒரு மண்டிக்காரர் வேறு வண்டிக்குப் போய்விட்டார். அது நஷ்டம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆடி மாதமும் லோடு பாடியும்

ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கள் வீட்டில் வருடா வருடம் ஆடியில் குலதெய்வம் கோயிலுக்குப் போவது பிக்கப்பில்தான். வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, பாட்டி முதல் கைக்குழந்தை வரை பின்னால். என் சின்ன வயதின் ஆகச்சிறந்த பயணங்கள் அவை.

சரக்கு வண்டியின் இன்ஷூரன்ஸ், சரக்கின் சொந்தக்காரரையோ அவரது பிரதிநிதியையோ காக்கும். பின்னால் உட்கார்ந்து வரும் உறவினர்களைக் காக்காது. உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால், இழப்பீட்டுச் சுமை வண்டிக்காரர் தலையில்தான் விழும். பாட்டிக்கு ஒன்று என்றால், சித்தப்பாவின் வண்டியும் வீடும் சேர்ந்தே போகும்.

இந்த வருடம் குடும்பத்துக்கு வேன் பிடித்தோம். ஆளுக்கு முந்நூறு ரூபாய் பங்கு. ``காத்தே வரல'' என்று பாட்டி வழியெல்லாம் முனகினார். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு முன்னால் சித்தப்பாவின் பிக்கப், அண்டா, அரிசி மூட்டை, ஒரு கிடாவுடன் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

இறக்கம் வந்ததும் அதன் வேகம் குறைந்தது. வேன் டிரைவர், ``முன்னாடி போற வண்டி செகண்ட் கியர்ல இறங்குறாரு... விவரமான ஆளு'' என்றார். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

*அடுத்த வாரம்: செகண்ட் ஹேண்டில் லோடு வண்டி வாங்கும்போது, பேப்பரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?*