பாடாமல் விட்ட கேள்வி

2024 அக்டோபரில் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் ஆளுநர் கலந்துகொண்ட விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்து 'திராவிட' என்ற சொல் வருகிற வரி விடுபட்டது. தமிழ்நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாட்டு அரசுப் பாட்டான நாளிலேயே விடுபட்டுப்போனதற்கு யார் கொதித்தார்கள்? ஆரியத்தைப் பற்றிய அடியை நான் சொல்லவில்லை. அதற்குப் பேச மேடை நிறைய இருக்கிறது.

பாட்டை எழுதிய சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். 1897இல், 42 வயதில் செத்துப்போனார். நாடகத்தின் தொடக்கத்தில் தமிழ்த்தெய்வத்தை வணங்கும்போதே ஒன்று கேட்கிறார்: குறளைச் சரியாகப் படித்தவன், சாதிக்கொரு நியாயம் சொல்லும் மனுவை மனசால்கூடத் தொடுவானா?

1970இல் அரசு வணக்கத்தின் முற்பகுதியிலிருந்து சில அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. மனுவைப் பற்றிய கேள்வி புத்தகத்தோடு நின்றது. 2021 டிசம்பரில் அதே பாட்டை மாநிலப் பாடல் ஆக்கினார்கள். 55 விநாடியில் பாட வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள். பிள்ளைப் பட்டத்தை எடுத்துவிட்டுச் 'சுந்தரனார்' என்கிறோம். பேரிலிருந்து எடுத்தது ஊரிலிருந்து போய்விட்டதா?

அதற்காகப் பேராசிரியரைக் கும்பிடச் சொல்லவில்லை. அவர் வாழ்ந்த திருவிதாங்கூரில் நம்மவர்கள் பொதுவழியில் நடக்க முடியாது. 1893இல் எழுதப் படிக்கத் தெரியாத அய்யன்காளி வில்லுவண்டி பூட்டி அந்த வழியிலேயே ஓட்டினார். ஏட்டில் இருந்த கேள்வியைத் தெருவில் கேட்டவர் அவர்தான்.

இங்கே கொங்குநாட்டில்? போத்தனூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தினமும் பாடுகிறார்கள். இதே கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியலில் தனியார் சுற்றுச்சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தலித்துகள். அது தீண்டாமைச் சுவர் என்று சனங்கள் சொன்னார்கள். வாழ்த்துப் பாட்டுக்கு எழுந்து நிற்கிற நாட்டில்தான் அந்தச் சுவரும் எழுந்து நின்றது.

சுந்தரம் பிள்ளையின் கேள்வியை எங்கம்மாவிடம் சொன்னேன். "ஏங்கண்ணு, அந்தக் காலத்துலயே கேட்டுப்போட்டாரா? அப்பறம் எதுக்கு அதைய மட்டும் பாட மாட்டீங்கறாங்க?"

பதில் அரசிடமும், மொழிக்காகக் கொதித்த தமிழறிஞர்களிடமும் இருக்கிறது. 55 விநாடியோடு இன்னும் பத்து விநாடி சேர்த்துப் பாடுங்கள். எழுந்து நிற்பவர்கள் காதில் அந்தக் கேள்வியும் விழட்டும்.