தாழம்பூவின் சாட்சியும் வாழ்த்து அட்டை ரோஜாவும்

கதை எழுதுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. காதல் என்றால் சிவப்பு ரோஜா. நட்பு என்றால் மஞ்சள் ரோஜா. சமாதானம் என்றால் வெள்ளை ரோஜா. ஒரு பெண்ணுக்குக் கெட்ட சேதி வரப்போகிறது என்றால் அவள் தலையிலிருந்து பூ நழுவிக் கீழே விழும், பின்னாலேயே குங்குமத் தட்டு கவிழும். கல்லூரி ஆண்டு மலரில் வரும் சிறுகதையிலிருந்து கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் சினிமா வரை இதே கதைதான். கேட்டால், "மலர்களின் மொழியில் பேசுகிறோம்" என்று பதில் வருகிறது. இது மொழியா? ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தப்படும் ரப்பர் ஸ்டாம்ப்புக்கு மொழி என்று பெயர் வைத்தால், தபால் நிலையம்தான் நாட்டிலேயே பெரிய இலக்கிய மன்றமாக இருக்க வேண்டும்!

முதலில் இந்த ரோஜாப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1717-18ல் துருக்கியில் வாழ்ந்த மேரி வோர்ட்லி மாண்டேகு என்ற ஆங்கிலப் பெண்மணி, அங்கே பூவையும் பொருட்களையும் வைத்தே காதல் சேதி அனுப்புகிறார்கள் என்று தன் கடிதத்தில் எழுதினார். ஐரோப்பாவுக்கு அந்த விஷயம் ரொம்பப் பிடித்துப்போனது. 1819ல் சார்லட் தெ லத்தூர் என்ற புனைபெயரில் பாரிஸில் ஒரு பூ அகராதி வந்தது. அதன் வழியில் ஏராளமான புத்தகங்கள். லண்டனில் 1884ல் கேட் கிரீனவே படம் போட்டு வெளியிட்ட புத்தகம் அவற்றில் ரொம்பப் பிரபலம். அழகாக அச்சடித்து, பரிசாகக் கொடுப்பதற்கென்றே விற்கப்பட்ட சரக்கு இது. அந்த 1884 புத்தகத்தில் மஞ்சள் ரோஜாவுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பொறாமை, குறைந்துபோகும் காதல்! அதே மஞ்சள் ரோஜாதான் இன்றைக்கு வாழ்த்து அட்டைகளில் நட்பின் சின்னம். விற்கிறவனுக்கு எது வசதியோ அதுதான் அர்த்தம். பிப்ரவரி 14க்காக ஓசூரிலிருந்து ரோஜாக்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாவது நல்ல வியாபாரம், அதில் யாருக்கும் குறை இல்லை. ஆனால் ஏற்றுமதிச் சரக்கின் விளம்பர வாசகத்தை எடுத்துக் கதையில் வைப்பது எழுத்தாளனின் வேலை இல்லை.

இப்போது திருவண்ணாமலைக்கு வாருங்கள். இந்த ஊரின் ஆதிக் கதையே ஒரு பூவின் கதைதான். யார் பெரியவர் என்று பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் போட்டி. சிவன் அடிமுடி தெரியாத நெருப்புத் தூணாக நிற்கிறார். விஷ்ணு பன்றியாகி மண்ணைக் குடைந்து அடியைத் தேடிப் போகிறார், பிரம்மா அன்னமாகி முடியைத் தேடிப் பறக்கிறார். பறந்து பறந்து ஓய்ந்துபோன நேரத்தில் மேலேயிருந்து ஒரு தாழம்பூ விழுந்துகொண்டிருக்கிறது. சிவனின் முடியிலிருந்து நழுவி, எவ்வளவோ காலமாக அது விழுந்துகொண்டே இருக்கிறதாம். "நான் முடியைப் பார்த்தேன் என்று நீ சாட்சி சொல்" என்று பிரம்மா கேட்கிறார். பூ சொல்கிறது. பொய் வெளிப்படுகிறது. பிரம்மாவுக்குக் கோவில் இல்லை, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லை என்று தீர்ப்பாகிறது. தமிழ்நாட்டுச் சிவன் கோவில்களில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பார்த்திருப்பீர்கள். மேலே அன்னம், கீழே பன்றி. அந்தக் கல்லில் இருப்பது இந்தக் கதைதான்.

இந்தக் கதையில் பூ என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள். அந்தத் தூணின் உயரம் இத்தனை யோஜனை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. விழுந்துகொண்டே இருக்கும் ஒரு பூ போதும், கேட்கிற குழந்தைக்கும் உயரம் புரிந்துவிடும். அடுத்தது, பூ இங்கே ஒரு பாத்திரம். பெரிய இடத்து ஆள் கேட்டுக்கொண்டதற்காகப் பொய் சாட்சி சொன்ன ஒரு எளிய சாட்சி. நீதிமன்ற வாசலில் அப்படிப்பட்டவர்களைப் பார்க்காதவர்கள் யார்? கடைசியாக, தாழம்பூவுக்கு இந்த அர்த்தம் எந்த அகராதியிலிருந்தும் வரவில்லை. கதைக்குள் நடந்த ஒரு சம்பவம் கொடுத்த அர்த்தம் அது. அதனால்தான் சிவனுக்குப் போடும் மாலையில் தாழம்பூ இல்லாததுகூட இந்த ஊரில் ஒரு வாக்கியம். இல்லாத பூவைப் பேச வைத்திருக்கிறது இந்தக் கதை. எந்த வாழ்த்து அட்டை இதைச் செய்யும்?

இன்னொன்றும் உண்டு. இதே தாழை, சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துச் செடி. கடற்கரையில் காதலர்கள் சந்திக்கும் இடத்தில் வேலிபோல அடர்ந்து நிற்கும். அங்கே அது மறைவிடம், மணம். உத்தரகோசமங்கையில் சிவனுக்கே தாழம்பூ சாத்துகிறார்கள். கடற்கரையில் காதலுக்குத் துணை, திருவண்ணாமலையில் பொய் சாட்சி, உத்தரகோசமங்கையில் பூஜைக்கு உகந்தது. பூவின் அர்த்தம் பூவில் மட்டும் இல்லை, அது நிற்கிற நிலத்திலும் நடந்த கதையிலும் இருக்கிறது என்பதற்கு வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

பூவைச் சாட்சிக்கூண்டில் ஏற்றும் வேலையைப் புராணத்துக்கு முன்பே தமிழ்க் கவிஞர்கள் செய்துவிட்டார்கள். மழைக்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. அப்படியானால் காலம் வந்துவிட்டது, அவன் சொல் தவறிவிட்டான். குறுந்தொகையில் இந்த நிலைமைக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்றில் தோழி, இது பருவம் தவறிப் பெய்த மழை, அதை நம்பிப் பூத்த இந்தக் கொன்றைக்குத்தான் அறிவில்லை என்கிறாள். இன்னொன்றில் அந்தப் பெண்ணே, காடு முழுக்கப் பூத்து நின்று கார்காலம் என்று சொன்னாலும் தான் நம்பப்போவதில்லை, அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்கிறாள். கண்ணெதிரே இருக்கும் சாட்சியை மறுக்கிற அளவுக்கு ஒரு நம்பிக்கை! "அவள் அவனை மிகவும் நேசித்தாள்" என்று பத்துப் பக்கம் எழுதினாலும் இது வருமா? கொன்றை எப்போது பூக்கும் என்று தெரிந்தவனால்தான் இதை எழுத முடியும். தொல்காப்பியம் பூவைக் கருப்பொருளில் வைத்து, உள்ளுறை என்னும் மறைபொருளை அந்த நிலத்துக் கருப்பொருளிலிருந்தே கட்டச் சொல்வதும் இதனால்தான்.

அடுத்த பெரிய மோசடி, பூ என்றால் பெண் என்பது. பெண் மென்மையானவள், பூ மென்மையானது, கணக்கு முடிந்தது. ஆனால் இந்த மொழியில் பூ சூடிக்கொண்டு போருக்குப் போனவர்கள் ஆண்கள். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மண்ணாசையில் படையெடுத்தால் வஞ்சி, கோட்டையை முற்றுகையிட்டால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி, நேருக்கு நேர் மோதினால் தும்பை, ஜெயித்தால் வாகை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. கிரிக்கெட்டில் ஒரு அணி ஜெயித்தால் "வாகை சூடியது" என்று இன்றைக்கும் தலைப்புப் போடுகிறார்கள். வாகை மரம் எப்படி இருக்கும் என்று அந்தத் தலைப்பைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பூவைப் பெண்ணோடு மட்டும் கட்டிப்போட்டதில் வெறும் ரசனைக் குறைவு மட்டும் இல்லை, கொடுமையும் இருக்கிறது. கணவன் இறந்தால் பெண்ணின் தலையிலிருந்து பூவைப் பிடுங்கும் வழக்கம் இந்தச் சமூகத்தில் இருந்தது, இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அவள் சூடிய பூ எப்படித் திடீரென்று கணவனின் சொத்தாகிறது என்று கேட்க வேண்டியவன் கதைக்காரன். அவன் என்ன செய்கிறான்? தலையிலிருந்து பூ விழுவதைக் காட்டி, "புரிகிறதா, அவன் செத்துவிட்டான்" என்று கண்ணடிக்கிறான். அந்த வழக்கத்தின் தீர்ப்பைத் தன் கதையின் இலக்கணமாகவே ஏற்றுக்கொள்கிறான். வழக்கத்தைக் கேள்வி கேட்க மேடையில் பேச வேண்டியதில்லை. கணவன் இறந்த மறுநாள் ஒரு பெண் தானே கடைக்குப் போய் ஒரு முழம் மல்லிகை கேட்டு வாங்கினாள் என்று ஒரே வரி எழுதினால் போதும். தெருவே திரும்பிப் பார்க்கும், படிக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான்.

முழம் என்றதும் இன்னொரு விஷயம். பூவின் மொழி கவிதையில் மட்டும் இல்லை, கடையிலும் இருக்கிறது. உதிரிப்பூ எடைக்கு, தொடுத்த பூ முழத்துக்கு. முழம் போடுவது கையால், யாருடைய கை என்பதில் இருக்கிறது லாபமும் நஷ்டமும். முகூர்த்த நாளில் விலை ஏறும், சாயங்காலம் வாடத் தொடங்கினால் இறங்கும். ஒரு குடும்பத்தின் நிலைமையைச் சொல்ல, இரண்டு முழம் வாங்கிய வீட்டில் இப்போது அரை முழத்தை மூன்று பேர் கிள்ளி வைத்துக்கொள்கிறார்கள் என்றால் போதாதா? மகேந்திரன் 1979ல் எடுத்த படத்துக்கு "உதிரிப்பூக்கள்" என்று பெயர் வைத்தார். மூலக்கதை புதுமைப்பித்தனின் சிற்றன்னை. தாயை இழந்து, கடைசியில் ஆற்றங்கரையில் தகப்பனையும் இழந்து நிற்கும் இரண்டு குழந்தைகளுக்குச் சரம் அறுந்த பூ என்பதைவிடச் சரியான சொல் உண்டா? அந்தச் சொல்லை அவர் எந்த மலர் அகராதியிலும் தேடவில்லை. அது பூக்காரம்மாவின் சொல்.

சிலர் சொல்வார்கள், "வெட்சியும் உழிஞையும் இன்றைய வாசகனுக்குத் தெரியாது, ரோஜா உலகத்துக்கே தெரியும்" என்று. பாதி சரி. தெரியாத பூவின் பெயரைப் பட்டியல் போட்டு மிரட்டுவதும் ரோஜாவை வைப்பது போலத்தான், இரண்டுமே கடன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்றால், அந்த மலைச்சாரலில் பெண்கள் பறித்து விளையாடும் பூக்கள் அவை. அதைப் பார்த்து நகல் எடுத்து வீட்டு மொட்டை மாடிக் கதையில் குறிஞ்சியைப் பூக்க வைத்தால் சிரிப்புத்தான் வரும். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது, அடுத்தது 2030ல். ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடத்தில் பாதி தாண்டும் காலம் அது. அந்தக் கணக்கு கதைக்குத் தேவைப்பட்டால் குறிஞ்சி வரட்டும். இல்லையென்றால் வேண்டாம். வேலியோரத்து நொச்சி, பாதையோரத்துத் தும்பை, யாரும் விலை கொடுத்து வாங்காத எருக்கு, நெடுஞ்சாலை நடுவே புகை குடித்துப் பூக்கும் அரளி என்று தெரிந்த பூக்களே ஆயிரம் கதைக்குப் போதும்.

"ஷேக்ஸ்பியரே பூவைச் சின்னமாக வைக்கவில்லையா?" என்றும் கேட்பார்கள். வைத்தார். ஓஃபீலியா அரண்மனையில் ஆளுக்கொரு பூவாக நீட்டுகிறாள். ஒரு பூ மட்டும் கொடுக்க இல்லை, அப்பாவின் சாவோடு அது வாடிப்போயிற்று என்கிறாள். அவள் நீட்டுவது அவள் நாட்டு மக்களுக்குத் தெரிந்த செடிகள். அதிகாரத்தில் இருப்பவர்களின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சொல்லவே அவற்றை நீட்டுகிறாள். அது பாரிஸ் அகராதிக்கு இருநூறு வருடம் முந்தியது. நல்ல கதைக்காரன் எந்த ஊரில் இருந்தாலும் தன் காலடி மண்ணில்தான் பூப் பறித்திருக்கிறான்.

ஆகவே, அடுத்த கதையில் ஒரு பூவை வைக்கப்போகும் எழுத்தாளர்களே, இயக்குநர்களே, நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வையுங்கள். இந்தப் பூ எந்த மண்ணில், எந்த மாதத்தில் பூத்தது? விடியற்காலையில் எழுந்து இதைப் பறித்தது யார்? வாங்கியவருக்கு என்ன விலை ஆயிற்று? இதை எடுத்துவிட்டால் கதையில் ஏதாவது குறையுமா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், அந்தப் பூவைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். அங்கேயாவது வண்டுக்கு உபயோகப்படும்.