கூரைவழி வரும் வெயிலும் கண்ணாடித் தொட்டி மீன்களும்

 

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றாகிய எடப்புளி நாட்டிலிருந்து ஒரு சகோதரி நமக்கு மடல் விடுத்துள்ளார். கணவருக்கு மலையிலேயே பணி. சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்தமாக ஒரு வீடு எழுப்பி வருகின்றனர். மலைச்சரிவை வெட்டிக் கட்டுவதால் நடுக்கூடத்தின் பின்சுவரில் சன்னல் வைக்க வழியில்லை. பகலிலும் அங்கே விளக்கு எரிய வேண்டிய நிலை. அவருடைய மகன் ஒன்பது வயதுச் சிறுவன். அவன் ஆசையாக வளர்க்கும் மீன் தொட்டியை இப்போதைய வாடகை வீட்டில் சன்னலோரம் வைத்தார்களாம். பத்தே நாளில் தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிட்டதாம். உள்ளறைக்கு மாற்றினார்களாம், செடிகள் அழுகி, நான்கு மீன்கள் இறந்துபோயினவாம். 'கூரையிலிருந்து பளபளப்பான குழாய் வழியே வெயிலை வீட்டுக்குள் இறக்கலாம் என்கிறார்களே, அது மீன் தொட்டிக்கு ஆகுமா? அடுத்த மாதம் தளம் போடுகிறோம், இப்போதே துளை விடலாமா?' என்பது அவரது வினா.

தளம் போடும் நாள் நெருங்கிவிட்டதால் பதிலை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஆகும், ஆனால் மீன் தொட்டிக்காக மட்டும் கூரையைத் துளைப்பது வீண்விரயம். இருண்ட கூடத்துக்கு ஒளி வேண்டும் என்பதற்காகத் துளையுங்கள். அந்த ஒளியில் தொட்டிக்கும் ஒரு பங்கு கொடுங்கள். ஏன் இவ்வாறு கூறுகிறேன் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வெயிலைக் கூரைவழி இறக்குவது நமக்குப் புதியதன்று. சீமை ஓட்டு வீடுகளில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அதன் வழியே இறங்கும் ஒளிக்கற்றையில் தூசு மிதப்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்த ஒளிக்கற்றை வெயில் நகர நகரத் தரையில் நகர்ந்து செல்லும். குறிப்பிட்ட ஓரிடத்தில் நிலைத்து நில்லாது. தளத்துக்கும் கூரைக்கும் இடையே பரண் இருந்தாலோ, கூரை தடித்திருந்தாலோ கண்ணாடி ஓட்டால் பயனில்லை. இந்தக் குறையைத்தான் ஒளிக்குழாய் தீர்க்கிறது. கூரைக்கு மேலே கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒளிபுகும் மூடி. அதன் கீழே உட்புறம் ஆடிபோல் பளபளக்கும் உலோகக் குழாய். அறையின் உள்ளே ஒளியைப் பரப்பித்தரும் மற்றொரு மூடி. அமைப்பு இவ்வளவுதான். இன்றைய வடிவில் இக்குழாயை 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவாக்கினர். ஒளி நேர்க்கோட்டில் செல்வதையும், பளபளப்பான பரப்பில் பட்டு எக்கோணத்தில் திரும்புகிறது என்பதையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சோதனைகள் செய்து எழுதிவைத்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைத்தம். குழாய்க்குள் நடப்பது அவர் ஆராய்ந்த பிரதிபலிப்பேயன்றி வேறில்லை.

குழாயின் உட்புறம் எவ்வளவு பளபளப்பானது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கடைக்காரர் 'எல்லாத் தகடும் ஒன்றுதான்' என்பார், நம்பிவிடாதீர்கள். 25 செ.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள குழாயில், சூரியன் பாதி வானில் சாய்ந்து நிற்கும்போது, ஒளி சுவரில் ஏறத்தாழ எட்டு முறை மோதித்தான் கீழே வருகிறது. ஒவ்வொரு மோதலிலும் நூற்றுக்கு 98 பங்கைத் திருப்பும் சிறந்த படலமானால், எட்டு மோதலுக்குப் பின் 85 பங்கு எஞ்சும். நூற்றுக்கு 90 பங்கைத் திருப்பும் தகடானால் எஞ்சுவது 43 பங்குதான். ஒரு மோதலில் எட்டுப் பங்கு வித்தியாசம். எட்டு மோதலில் பாதிக்குப் பாதி! ஆதலால் குழாய் எவ்வளவு குட்டையாகவும் வளைவின்றியும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சகோதரியின் வீடு ஒற்றைத் தளம் என்று எழுதியிருக்கிறார். தளத்தின் கனமும் மேலே தூக்கிக் கட்டும் விளிம்பும் சேர்ந்தாலும் அவருக்கு ஒரு மீட்டர் குழாய் போதும். இது அவருக்கு வாய்த்த பெரும் வசதி.

மற்றொரு வசதியும் அவருக்கு இயற்கையாகவே அமைந்துள்ளது. கொல்லிமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றேகால் பாகையளவில் அமைந்திருக்கிறது. ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும், நண்பகலில் சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்கும். டிசம்பரில் மிகத் தாழ்ந்து செல்லும் நாளிலும் நண்பகல் உயரம் 55 பாகைக்குக் குறையாது. ஐரோப்பியர்களைப் போல் குளிர்காலத்தில் அடிவானத்து வெயிலைத் தேடி அலைய வேண்டியதில்லை. பகலின் நீளமும் பதினொன்றரை மணி நேரத்துக்கும் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் இடையில்தான். நீர்ச்செடிகளுக்கு வேண்டியது எட்டு முதல் பத்து மணி நேர ஒளி. ஆண்டு முழுவதும் இது கிடைத்துவிடும்.

எவ்வளவு ஒளி கிடைக்கும்? நல்ல வெயிலில் நண்பகல் வேளையில் 25 செ.மீ. குழாயின் வாயில் நுழையும் ஒளியில் பாதி மட்டுமே தொட்டிக்கு மேல் வந்து சேர்கிறது என்று குறைத்தே கணக்கிட்டாலும், பழைய 36 வாட் குழல்விளக்கு ஒன்று தரும் அளவுக்குச் சமமாகும். கூடத்துக்கும் தொட்டிக்கும் அது தாராளம். ஆனால் மேகம் கவிந்தால் அது பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். மலை நாடு, மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் நாள் முழுவதும் மங்கல்தான். எனவே தொட்டியின் மூடியில் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்றும் இருக்கட்டும். மங்கலான நாட்களில் மட்டும் சில மணி நேரம் எரிந்தால் போதும்.

இனி வெப்பத்தைப் பற்றி. வெயில் என்றதும் 'மீன் வெந்துவிடாதா?' என்ற அச்சம் எழுவது இயல்பே. மேற்சொன்ன குழாய்வழி உச்சி வெயிலில் தொட்டிக்கு வரும் ஆற்றல் ஏறக்குறைய 25 வாட். 100 லிட்டர் தண்ணீரில் அது முழுவதும் ஆறு மணி நேரம் இறங்கினாலும் வெப்பம் ஒன்றேகால் பாகைதான் உயரும். அதிலும் ஒரு பகுதி காற்றில் கலைந்துவிடும். சமவெளியில் சித்திரை வைகாசியில் இந்த ஒன்றேகால் பாகையும் தொல்லையாகலாம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையில் மார்கழி, தை மாதங்களில் அதை வரமென்றே கொள்ளலாம். ஆனால் இதே ஒளியைப் பத்து லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கிண்ணத்தில் இறக்கினால், கணக்குப்படி பன்னிரண்டு பாகைக்கு மேல் உயரும். அது கொலைக்குச் சமம். குழந்தைகள் வாங்கிவரும் உருண்டைக் கிண்ணங்களைக் குழாய்க்குக் கீழே ஒருபோதும் வைக்காதீர்கள்; சன்னலோரத்திலும் வைக்காதீர்கள்.

சகோதரியின் சன்னலோரத் தொட்டி ஏன் பச்சையாயிற்று? ஒளியும் நீரும் மீனின் கழிவும் ஒன்றுசேர்ந்தால் பாசி தோன்றுவது தடுக்க முடியாதது. இதை விளக்க ஒரு சிறு செய்தி. பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஆல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002இல் ஓர் எளிய வழியைக் கண்டார். பெரிய பிளாஸ்டிக் புட்டியில் நீரை நிரப்பித் தகரக் கூரையில் துளையிட்டுச் சொருகினார். பாதி மேலே, பாதி கீழே. நீர் வெயிலை வளைத்து அறையெங்கும் பரப்பியது. பின்னர் 2011 முதல் பிலிப்பைன்ஸில் அது பெரும் இயக்கமாகி, பல நாடுகளின் ஏழை வீடுகளுக்குப் பகல் விளக்காயிற்று. அந்தப் புட்டி நீரில் சிறிது பிளீச்சிங் திரவத்தைக் கலந்துவிடுவார்கள். எதற்காக? கலக்காவிட்டால் சில வாரங்களில் புட்டி பச்சையாகி ஒளி மங்கிவிடும்! மூடிய புட்டியிலேயே இந்நிலை என்றால், நாள்தோறும் இரை விழும் மீன் தொட்டியைச் சொல்லவா வேண்டும்? தொட்டியில் பிளீச்சிங் கலந்தால் மீன்கள் மடிந்துவிடும். அங்கே பாசிக்கு எதிரி வேறு. நன்கு வளரும் நீர்ச்செடிகளே அவை. பாசி உண்ண வேண்டிய சத்தைச் செடிகள் முந்திக்கொண்டு உண்டுவிடும். செடிக்கு வேண்டிய அளவு ஒளி இருந்தால் செடி வெல்லும். அளவு மிஞ்சினால் பாசி வெல்லும். அளவு குறைந்தால் செடியே அழுகி நீரைக் கெடுக்கும். சகோதரியின் வீட்டில் பின்னிரண்டும் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன.

நம் பள்ளிவாசல்களின் ஹவுளை நினைத்துப் பாருங்கள். ஒளூச் செய்யும்போது கால்களுக்கிடையே மீன்கள் ஓடுவதைப் பார்த்து மகிழாத சிறுவர் உண்டா? விளக்கும் இல்லை, கருவியும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே மீன்கள் வாழ்கின்றன. ஹவுளில் நீரின் அளவு மிகுதி. மேலே கூரை இருப்பதால் வெயில் ஒரு ஓரத்தில் மட்டும் சிறிது நேரம் விழும். நீர் செலவாகச் செலவாகப் புதுநீர் சேர்ந்துகொண்டே இருக்கும். மிகுந்த நீர், அளவான ஒளி, இடைவிடாத மாற்றம். நம் இரண்டடித் தொட்டியில் இம்மூன்றையும் நாம்தாம் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுவது அதற்காகவே.

ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் முக்கியம். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதைக் கண்ணாடியும் இரும்பும் கொண்டு செடிவளர்ப்புக் கூடம்போலக் கட்டினார்கள். நாற்புறமும் ஒளி. தொட்டிகள் சூடாவதும் பச்சையாவதும் பெருந்தொல்லையாயின. அடுத்து வந்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு என்பவர், 1864இல் ஹாம்பர்க்கில் திறந்த மீன்காட்சியகத்தில் ஒளி மேலிருந்து மட்டும் நீரில் இறங்கும்படியும், பார்வையாளர் நிற்குமிடம் இருண்டிருக்கும்படியும் செய்தார். ஆற்றிலும் குளத்திலும் வெயில் மேலிருந்துதானே இறங்குகிறது! சன்னலோரத் தொட்டிக்கும் குழாய் ஒளித் தொட்டிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சன்னல் வெயில் பக்கக் கண்ணாடி முழுவதையும் பாசிக்குப் பந்தலாக்குகிறது. 1987இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்தில் உயிருள்ள பவளப்பாறைத் தொட்டியைத் திறந்த வானத்தின் கீழேயே அமைத்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். முறையறிந்து கொடுத்தால் வெயிலுக்கு ஈடான விளக்கில்லை.

மீன்களுக்கு இமை கிடையாது. இருளில் உறங்கும் மீனின் மேல் திடீரென்று விளக்கைப் போட்டால் அது மிரண்டு கண்ணாடியில் மோதுவதைக் கண்டிருப்பீர்கள். குழாய் ஒளி அப்படியன்று. விடியல் மெல்ல வரும்; அந்தி மெல்ல மறையும். என் கருத்தில் இக்குழாயால் மீன்களுக்குக் கிடைக்கும் தலையாய நன்மை இதுவே. மின்செலவில் மிச்சம் என்பதெல்லாம் பெரிதன்று. 20 வாட் எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் எட்டு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஐந்து யூனிட்டுக்கும் குறைவே. குழாய் வாங்கும் பணத்தை அந்த மிச்சத்தில் மீட்க நினைத்தால் மகன் தாத்தாவாகிவிடுவான்! கூடத்தில் அமர்ந்து குழந்தைகள் ஓதவும் எழுதவும், தாய்மார்கள் அரிசி புடைக்கவும் பகலொளி கிடைக்கிறதே, அதுதான் அச்செலவுக்கு ஈடு.

செடிகள் ஒளியில்தான் நீருக்கு உயிர்வளி தரும். இரவில் அவையும் மீன்களோடு சேர்ந்து அதைச் செலவழிக்கும். விடியுமுன் நீரில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். எனவே காற்று மோட்டாரைப் பகலில் நிறுத்தினாலும் இரவில் நிறுத்தாதீர்கள். இருளடைந்த அறையில் மாண்ட அந்த நான்கு மீன்களுக்கும் அழுகிய செடியே உயிர்வளியைத் தின்று தீர்த்திருக்கக்கூடும்.

இப்போது தளத்துக்கு வருவோம். போட்ட தளத்தைப் பின்னர் உடைத்துத் துளையிட்டால் கம்பி அறுபடும்; நீர்க்கசிவுக்கும் வழியாகும். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டும்போதே பொறியாளரைக் கேட்டு இடத்தைக் குறித்து, ஒளிக்குழாயைவிடச் சற்றே அகலமான பி.வி.சி. குழாய்த் துண்டை நிறுத்தி வைத்துக் கான்கிரீட் இடச் சொல்லுங்கள். துளையைச் சுற்றிக் கூடுதல் கம்பி தேவை. அதைக் கொத்தனாரின் மனம்போல் விட்டுவிடாதீர்கள். தளத்துக்கு மேலே சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு விளிம்பு கட்டி, அதன்மேல் மூடியை அமர்த்த வேண்டும். தொட்டியை நேர் கீழே வைக்காமல் அரை அடி தள்ளி வைப்பது என் யோசனை. தப்பித்தவறி ஒழுகினாலும் கூரைநீர் தொட்டியில் விழாது, ஒளியில் குறைவும் பெரிதாக இராது. தொட்டிக்குக் கண்ணாடி மூடி அவசியம். இல்லாவிட்டால் தொட்டியிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த இரவில் குழாயின் உட்புறம் பனித்துளியாகப் படிந்து பளபளப்பைக் கெடுத்துவிடும். குழாயின் கீழ்மூடியையும் இடைவெளியின்றி ரப்பர் வளையம் வைத்துப் பொருத்துங்கள். மேல்மூடியை மாதம் ஒரு முறை துடையுங்கள்.

முதல் மாதம் செடிகள் வேரூன்றும்வரை ஒளி மிகுதியாகத் தோன்றினால், தொட்டி மூடியின் பாதியில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். கண்ணாடியில் பச்சை படியும் வேகத்தைப் பார்த்துத் துணியை நகர்த்திக்கொள்ளலாம்; அந்தப் பொறுப்பை மகனிடமே ஒப்படையுங்கள். துணியை எடுத்த நாளையும் விரித்த நாளையும் ஒரு நோட்டில் அவன் குறித்து வரட்டும். தளம் இறுகி மூடி பொருத்தியபின், மீன்களைக் கொண்டுவருவதற்கு முன்னால், மாடியிலேறி அதன்மேல் பத்துக் குடம் தண்ணீரை ஊற்றி, கீழே கூடத்தில் ஒருவரை நிறுத்தி ஒரு சொட்டேனும் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.