மொட்டைமாடியை விட்டு இறங்கினால் சாப்பாடு

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் பொழுது சாயும் நேரத்தில் ஊரே மாடியேறிவிடும். மஞ்சள் மணற்கல் கோட்டை எதிரே பொன்னாய் மின்ன, மொட்டைமாடி உணவகங்களில் விளிம்போர மேசைக்குப் போட்டி நடக்கும். இடம் கிடைத்து உட்கார்ந்ததும் பத்துப் பன்னிரண்டு பக்க மெனு அட்டை வரும். பீட்சா, பாஸ்தா, சௌமீன், மோமோ, பனீர் பட்டர் மசாலா என்று ஓடிக்கொண்டே போகும். கடைசிப் பக்கத்தில், ஒரு மூலையில், ராஜஸ்தானி உணவு என்ற தலைப்பில் நாலைந்து பெயர்கள் இருக்கும். அந்த மூலைக்குக் கண் போவதற்குள் பசித்த குடும்பம் ஆர்டர் கொடுத்து முடித்திருக்கும்.

சுற்றுலா ஊர்களில் நல்ல சாப்பாடு கிடைப்பது ஏன் கடினம் என்பதற்கு ஜெய்சல்மேர் சரியான உதாரணம். 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய இந்தக் கோட்டை நகரம், ஒட்டக வணிகப் பாதையில் செழித்த ஊர். இன்றைக்கு அதன் பிழைப்பில் பெரும்பங்கு சுற்றுலா. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 65,000 பேர் வாழும் ஊருக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கூட்டம் வந்து குவிகிறது. வந்தவர் இரண்டு இரவு தங்கிக் கிளம்பிவிடுவார். திரும்ப வருவாரா என்பது நிச்சயமில்லை. ஒருமுறை மட்டுமே வரப்போகிற வாடிக்கையாளரிடம் சுலபமாக விலைபோவது காட்சி. அதனால் மாடி உயர உயர விலையும் உயர்கிறது. அடுப்படியில் அதே வேகத்தில் அக்கறை கூடுவதில்லை.

வருகிறவர் நாக்குக்கு ஏற்ப ஊர் வளைந்து கொடுப்பதும் உண்டு. சத்யஜித் ராய் 1974இல் எடுத்த 'சோனார் கேல்லா' படத்தின் கதை இந்தக் கோட்டையில்தான் வந்து முடிகிறது. அன்று தொடங்கிய வங்காளிகளின் வருகை இன்றும் நிற்கவில்லை. துர்கா பூஜை விடுமுறையில் அவர்களுக்காகவே வங்காள எழுத்தில் பலகை வைத்துச் சமைக்கிறார்கள். விருந்தோம்பலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விருந்தாளி எதைக் கேட்பார் என்று எண்ணி எண்ணியே, தன் வீட்டுச் சமையலை ஊர் பின்கட்டில் வைத்துவிட்டது என்பதுதான் வருத்தம்.

அந்தப் பின்கட்டில்தான் இந்தியச் சமையலின் பெரும் சாதனை ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் சுமார் 200 மில்லிமீட்டர் மழையே கிடைக்கும் மண் இது. பச்சைக் காய்கறி அரிது, தண்ணீர் அதைவிட அரிது. ஆனால் மாடும் ஆடும் உண்டு. பால், மோர், நெய்க்குப் பஞ்சமில்லை. எனவே தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில் மோரை ஊற்றினார்கள். காய் இல்லாத இடத்தில் கடலை மாவையே காயாக்கினார்கள். கடலை மாவில் நெய், ஓமம், மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைந்து, விரல் பருமனுக்கு உருட்டி, கொதிநீரில் வேகவைத்துத் துண்டு போட்டால் அதுதான் கட்டா. வேகவைத்த நீரையும் கீழே கொட்டுவதில்லை. அதையே தயிர்க் குழம்பில் சேர்த்துவிடுகிறார்கள். கறுப்புக் கொண்டைக்கடலையைத் தயிர்க் குழம்பில் போட்டுச் செய்வது ஊர் பெயரோடு வழங்கும் ஜெய்சல்மேரிச் சனா. அப்பளத்தையும் விட்டுவைக்கவில்லை, அதுவும் குழம்பாகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே கேர்-சாங்ரி. கேர், இலையே இல்லாததுபோல் தெரியும் முட்புதரில் காய்க்கும் சின்னஞ்சிறு பச்சைக் காய். கசப்பும் துவர்ப்பும் கலந்தது. நம் வீடுகளில் சுண்டைக்காய் வற்றல் போடுகிற மாதிரிதான், மோரிலோ உப்பு நீரிலோ நாள்கணக்கில் ஊறவைத்துக் கசப்பை எடுத்து வெயிலில் காயவைக்கிறார்கள். சாங்ரி, கேஜ்ரி மரத்தின் மெல்லிய நீளக் காய். கேஜ்ரி தமிழருக்கு அந்நியமல்ல. விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னி மரம். தார் பாலைவன மக்களுக்கு அது சோறு போடும் மரம். பயிர் பொய்த்த ஆண்டுகளில் மனிதரையும் கால்நடையையும் அது காப்பாற்றியிருக்கிறது. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜட்லி கிராமத்தில் அரண்மனை வேலைக்காக இம்மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி உட்பட 363 பிஷ்னோய் சமூகத்தார் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டார்கள்.

உலர்ந்த சாங்ரியை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். காலையில் கேரோடு சேர்த்து வேகவைத்து, தாராளமாக எண்ணெய் விட்டு, முழுச் சிவப்பு மிளகாய், ஓமம், மாங்காய்ப் பொடி போட்டு வதக்குகிறார்கள். சிலர் உலர்ந்த திராட்சையும் சேர்ப்பார்கள். நன்றாகச் செய்த கேர்-சாங்ரியில் சாங்ரி குழையாமல் பல்லுக்குப் பிடி கொடுக்கும். கேர் வாயில் உடைந்து புளிப்பை விடும். தக்காளி மசாலாவில் முங்கி, மேலே கிரீம் மிதந்து வந்தால், அது தார் நாட்டுப் பக்குவம் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். அசலுக்குக் குழம்பே கிடையாது. பயணத்தில் கட்டிக்கொண்டு போய் நாள் கழித்தும் சாப்பிடுவதற்காக உருவான பண்டம் அது.

கூடவே கம்பு ரொட்டி. கோதுமை மாவைப்போல் கம்பு மாவு இழுத்துப் பிடிக்காது. ஆகவே மொத்தமாகப் பிசைந்து வைக்க முடியாது. ஒரு ரொட்டிக்கு உண்டான மாவை மட்டும் எடுத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி அழுத்தித் தேய்த்து, இரண்டு கைக்கும் நடுவே தட்டித் தட்டி வட்டமாக்க வேண்டும். கல்லில் இருபுறமும் காட்டி, பிறகு நேரே தணலில் நிறுத்துகிறார்கள். தட்டுக்கு வந்ததும் மேல் தோலைப் பிய்த்து நெய்யை ஊற்றினால் உள்ளே இறங்கிவிடும். பூண்டுச் சட்னியும் ஒரு துண்டு வெல்லமும் போதும். ஆறினால் வறண்டுவிடும் என்பதால் கம்பு ரொட்டியை முன்கூட்டிச் சுட்டு அடுக்கி வைக்கவே முடியாது. ஒரு கடையின் தரத்தைப் பார்க்க இதைவிட நல்ல சோதனை வேறில்லை. கேட்ட பிறகுதான் தட்டுகிறார்கள் என்றால் அந்தச் சமையற்கட்டை நம்பலாம். கம்பு உடம்புக்குச் சூடு என்று கோடையில் கோதுமைக்கு மாறிவிடுவார்கள். குளிர்காலமே இதற்குச் சரியான பருவம்.

இவற்றையெல்லாம் எங்கே தேடுவது? நேரத்தை வைத்துத் தேடுவது நல்ல வழி. காலையில் கடைத்தெருவில் வெங்காயக் கச்சோரியும், பெரிய பச்சை மிளகாயைக் கீறி உருளைக்கிழங்கு மசாலா அடைத்துக் கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கும் மிர்ச்சி படாவும் சுடச்சுட இறங்கும். கடை திறக்க வந்த வியாபாரிகளும் பள்ளிப் பிள்ளைகளும் எந்தக் கடாயைச் சுற்றி நிற்கிறார்களோ, அதுதான் இடம். இனிப்புக்கு, கோட்டைக்கு வெளியே பல தலைமுறையாக நடக்கும் தன்ராஜ் ரண்மல் பாட்டியா கடை. அங்கே கோட்டுவா லட்டு கேட்க வேண்டும். கடலை மாவைப் பொரித்து, இடித்து, பாகும் நெய்யும் கூட்டிப் பிடிப்பது. பூந்தி லட்டுபோல் மணிமணியாக இராது. வாயில் வைத்ததும் கரையும்.

மதியத்துக்குத் தாலி. பருப்பு, கட்டா, மோர்க் குழம்பு, ரொட்டி என்று வரிசையாகப் பரிமாறி, கேட்கக் கேட்கப் போடும் இடங்களில் பண்டம் தேங்குவதில்லை. அன்றாடம் சமைத்தாக வேண்டும். திப்பா பாடா பகுதியில் டெசர்ட் பாய்ஸ் தானி மதில் சூழ்ந்த முற்றத்தில் ராஜஸ்தானிச் சமையலை முன்னே நிறுத்தும் இடம். காந்தி சவுக்கில் நெடுங்காலமாக நடக்கும் டிரையோ உணவகத்தில் உள்ளூர்ப் பண்டங்களோடு பாட்டும் உண்டு. அசைவம் உண்பவர்கள் லால் மாஸ் கேட்கலாம். ஜோத்பூருக்கு அருகிலுள்ள மதானியா ஊரின் மிளகாய்தான் அந்த ஆட்டுக்கறிக் குழம்புக்கு நிறமும் காரமும் தருவது.

ஆட்டோ ஓட்டுநரிடம் "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால், சுற்றுலா ஊர் எதிலும் கமிஷன் கொடுக்கும் கடைக்கு வண்டி திரும்ப வாய்ப்பு அதிகம். "காலையில் நீங்க எங்கண்ணே கச்சோரி சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக இருக்கும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோட்டையின் முதல் வாசலுக்கருகே அரசு உரிமம் பெற்ற பாங்கு கடை இருக்கிறது. இந்த ஊரில் 'ஸ்பெஷல் லஸ்ஸி' என்று எழுதியிருந்தால் அதில் பாங்கு, அதாவது கஞ்சா இலை அரைத்துக் கலந்திருக்கலாம். குழந்தைகளுக்கு வாங்கும்போது சாதா லஸ்ஸிதானா என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

கோட்டைக்குள் சாப்பிடுவது பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 99 கொத்தளங்கள் கொண்ட இந்தக் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அதன் வடிகால், குளத்திலிருந்து குடத்தில் நீர் சுமந்த காலத்துக்கு அமைத்தது. குழாய்த் தண்ணீரும், விடுதிகளும் உணவகங்களும் பெருகியதும் கழிவுநீர் கசிந்து அடிமண் இளகியது; மதில்கள் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இலேயே கோட்டையை ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த பிறகும் தண்ணீர் கசிகிற கவலை தீரவில்லை. கோட்டைக்குள் பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டையும் தங்கலையும் கீழே ஊருக்குள் வைத்துக்கொண்டால் அந்தச் சுமை கொஞ்சம் குறையும். நல்ல சமையலும் அங்கேதான் அதிகம்.

ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாம் மணல்மேடுகளில் கூடார முகாம்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒட்டகச் சவாரி, மாங்கணியார் எனும் பரம்பரைப் பாடகர்களின் இசை, இரவுச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். சாப்பாடு பெரும்பாலும் பஃபே. எல்லா மாநிலத்தாருக்கும் பொதுவாகச் சமைத்தது. முன்பணம் கட்டும்போதே தால்-பாட்டி-சூர்மா (பருப்பு, சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புப் பொடி), கம்பு ரொட்டி, கேர்-சாங்ரி வேண்டும் என்று சொல்லிவைத்தால் ஏற்பாடு செய்துதரப் பல முகாம்கள் தயார். போய் இறங்கிய பிறகு கேட்டால் நடக்காது. நல்ல சாங்ரி கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கேட்பார் இல்லாமல் யாரும் சமைத்து வைக்க மாட்டார்கள். ஊருக்குள் இருக்கும் உணவகங்களுக்கும் இதே கணக்குதான். குழந்தைகளுக்கு நூடுல்ஸ் சொன்னாலும் பெரியவர்கள் கேர்-சாங்ரி ஒரு கிண்ணம் கேட்க வேண்டும், அன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அப்போதுதான் அன்றிரவு அந்த அடுப்படியில் யாராவது சாங்ரியை ஊறப்போடுவார்கள்.