பொள்ளாச்சி இருக்கு... ஆனா தேடினா இல்லை!

கல்லூரி நண்பர் ஒருவர், ரத்த தானம் செய்பவர்களுக்காகச் சின்னதாக ஒரு வெப்சைட் நடத்துகிறார். ஊரையும் ரத்த வகையையும் கொடுத்தால், கொடையாளர்கள் பட்டியல் வரும். போன வாரம் அதில் ‘பொள்ளாச்சி’ என்று தேடியவருக்குக் கிடைத்த பதில், ‘யாரும் இல்லை.’ டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால், பொள்ளாச்சிக்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள்!

வெப் புரோகிராமிங் பழகுகிறவர்களை அதிகம் அலைய விடுவது இந்த 0 தான். எர்ரர் வந்தாலாவது பரவாயில்லை, சிவப்பு எழுத்தில் சத்தம் போடும். இதுவோ சமர்த்துப் பிள்ளை மாதிரி ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். ரத்தம் தேடி அலைகிறவரும் அதை நம்பிவிடுவார்.

இந்த நேரத்தில் கோடை மாற்றி மாற்றி எழுதாதீர்கள். உங்கள் புரோகிராம் டேட்டாபேஸுக்கு அனுப்பும் க்வெரியை அப்படியே திரையில் பிரின்ட் செய்து, நேராக டேட்டாபேஸிலேயே ஓட்டிப் பாருங்கள். அங்கே விடை வந்தால், கோளாறு உங்கள் கோடில். அங்கேயும் 0 என்றால், ‘வேர்’ பகுதியில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டுங்கள். எதை எடுத்ததும் ஆட்கள் வருகிறார்களோ, அதுதான் வில்லன். நண்பருக்கு ஊர் பெயர்.

கண்ணுக்கு இரண்டு ‘பொள்ளாச்சி’யும் ஒன்றுதான். ஆனால், ‘லெங்த்’ போட்டு எழுத்துகளை எண்ணச் சொன்னால், ஒன்று 10 என்றது, இன்னொன்று 11 என்றது. காரணம், ‘பொ’. யூனிகோடில் ‘ொ’ என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இப்போதைய கீபோர்டுகள் பெரும்பாலும் ஒரே குறியீடாகப் போடும். நண்பரின் பட்டியலோ பழைய எழுத்துருவில் இருந்த எக்செல் கோப்பிலிருந்து கன்வெர்ட் ஆனது. பைட் பைட்டாக ஒப்பிடும் டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு ஊர். கோயம்புத்தூருக்கும் இதே சிக்கல்தான், ‘கோ’ இருக்கிறதே!

மருந்து ‘நார்மலைஸ்’. ஜாவாஸ்கிரிப்டில் தயாராகவே இருக்கிறது, பி.எச்.பி-யில் ‘இன்டல்’ எக்ஸ்டென்ஷனோடு வரும். தேடும் சொல்லுக்கு மட்டும் போட்டால் போதாது, ஏற்கெனவே சேமித்ததையும் ஒருமுறை மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், ஊர் பெயரை டைப் செய்யவே விடாமல், பட்டியலிலிருந்து தேர்வு செய்யச் சொல்வதுதான் நல்லது.

சரி, பொள்ளாச்சி வந்துவிட்டது. ஆனாலும் கணக்கு இடித்தது. இதுவரை ரத்தமே கொடுக்காத காலேஜ் பசங்களில் ஒருவர்கூட வரவில்லை! ஒருமுறை ரத்தம் கொடுத்தால், ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். அதனால், கடைசியாகக் கொடுத்த தேதியை வைத்து நண்பர் வடிகட்டியிருந்தார். புதியவர்களுக்கு அந்தத் தேதியே கிடையாது, டேட்டாபேஸ் மொழியில் ‘நல்’. அது பூஜ்யமும் இல்லை, வெற்று எழுத்தும் இல்லை. ‘தெரியாது’ என்று அர்த்தம். தெரியாததை எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் விடை ‘தெரியாது’தான். ‘வேர்’ உள்ளே விடுவது ‘ஆமாம்’ என்ற விடையை மட்டும்தான். உடனே வந்து கொடுக்கக் கூடியவர்கள் இப்படித்தான் காணாமல் போனார்கள்.

‘அல்லது தேதி நல்லாக இருந்தால்’ என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். அங்கே சமக்குறி போடாதீர்கள், வேலை செய்யாது. ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும்.

நார்மலைஸுக்கும் அடங்காத ஆள் ஒன்று உண்டு: ‘ஔ’. பலர் அதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுகிறார்கள். யூனிகோடுக்கு அது வேறு சொல். உங்கள் பட்டியலில் ஔவை என்று யாராவது இருந்தால், இரண்டு விதமாகவும் தேடிவிடுங்கள்.