இணையவழிப் படிப்பும் கல்லூரிகளின் கடமையும்

முத்தியால்பேட்டையில் தன் வீட்டுத் திண்ணையிலிருக்கும் மாணாக்கன், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் பிரசங்கத்தைக் கைத்தொலைபேசியிலேயே கேட்கும் காலம் இது. இதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டமும், இந்திய சர்க்கார் 2017 ஜூலையில் ஆரம்பித்த ‘ஸ்வயம்’ திட்டமும் ஜனங்களின் வரிப்பணத்தில் நம் தேசத்து ஆசிரியர்களால் நடைபெறுபவை. பாடம் கேட்கக் கட்டணமில்லை. சான்றிதழ்ப் பரீக்ஷைக்கே கட்டணம். ஏழை மாணாக்கனுக்கு இது பெரும் உபகாரமே.

ஆயினும், பிரசங்கம் கிடைப்பது வேறு, கல்வி கிடைப்பது வேறு. 1857-ல் ஏற்பட்ட சென்னை சர்வகலாசாலை, லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில், வெகுகாலம் பரீக்ஷை நடத்திப் பட்டமளிக்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. பரீக்ஷையே பிரதானமானபோது நெட்டுருவும் பிரதானமாயிற்று என்று தேசபக்தர்கள் குறை கூறினர். அதே பிழையைப் புதிய கருவி கொண்டு நாம் மறுபடியும் செய்யலாகாது.

அமெரிக்காவின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 2013-ல் கலிபோர்னியாவிலுள்ள ஸான் ஹோஸே சர்வகலாசாலை, ‘யுடாசிட்டி’ என்னும் கம்பெனியுடன் சேர்ந்து இணையவழியில் கணிதம் முதலிய பாடங்களை நடத்திற்று. நேர்முக வகுப்பில் படித்தோரைவிடக் குறைந்த விகிதத்தினரே தேறியதால், அவ்வாண்டு ஜூலையிலேயே அவ்வேற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. தானாகப் படிக்கும் பழக்கமுள்ளவனுக்கு இணையம் துணை செய்யும். அப்பழக்கம் இனித்தான் வரவேண்டியவனுக்கு, பக்கத்தில் ஓர் ஆசிரியர் அவசியம்.

நம் தேசத்துச் சட்டமும் இதை மறக்கவில்லை. ஒரு பருவத்தில் நூற்றுக்கு இருபது பங்கு வரை ஸ்வயம் பாடங்களை ஏற்கலாமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதி செய்தது. 2021-ல் அதை நாற்பதாக உயர்த்திற்று. ஆனால், பாடம் முடியும்வரை மாணாக்கருக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரைக் கல்லூரி நியமிக்க வேண்டும். கம்ப்யூட்டர், நூல்நிலைய வசதிகளை இலவசமாகவும் போதிய அளவிலும் தரவேண்டும் என்பதும் 2016-ஆம் வருஷத்து விதிகளிலேயே சொல்லப்பட்டது. இது கல்லூரியின் தயவன்று; கடமை.

எனவே மாணாக்கர்கள் சேருமுன் கேட்கவேண்டியவை சில உண்டு. இப்பாடத்துக்கு எத்தனை மதிப்பலகு? நான்கு வாரப் பாடத்துக்கு ஒன்று, எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று என்பது வழக்கம். அம்மதிப்பலகைத் தம் கல்லூரி ஏற்குமா? எமக்கு வழிகாட்டும் ஆசிரியர் யார்? இவற்றை எழுத்து மூலமாகவே பெறுதல் நலம். என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்தரப் பயிற்சிக்கு நூற்றுக்கு இருபத்தைந்தும், மேற்பார்வையுடன் நடக்கும் பரீக்ஷைக்கு எழுபத்தைந்தும் உண்டு. கடைசி வாரத்தில் விழித்துக்கொள்பவனுக்குப் பயனில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தூரத்துப் பேராசிரியரைப் போட்டியாளராகக் கருதவேண்டாம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் விளக்குவதும், பின்தங்கியவனைக் கைதூக்கி விடுவதும் அவரால் ஆகாத காரியம். அது உங்களுடையது. அவ்வேலைக்குரிய நேரத்தை உங்கள் வேலைக் கணக்கில் சேர்க்குமாறு கேட்பது உங்கள் உரிமை.

நாம் அஞ்சுவது வேறொன்று. தகுந்த ஆசிரியர் இல்லாதபோது ஸ்வயம் பாடத்தை ஏற்கலாமென்றும் அதே 2016 விதிகள் கூறின. அவசரத்துக்கு ஏற்பட்ட அச்சலுகை நிரந்தர வழக்கமானால், காலியான ஆசிரியர் ஸ்தானம் என்றும் காலியாகவே கிடக்கும். செலவு மிச்சமென்று நிர்வாகிகள் மகிழலாம், நஷ்டம் மாணாக்கருடையது.

ஆகவே, காலாப்பட்டிலுள்ள புதுவைச் சர்வகலாசாலையும் அதனுடன் இணைந்த கல்லூரிகளும், எந்தப் பாடம் இணையத்துக்கு விடப்பட்டது, என்ன காரணத்தால், வழிகாட்டும் ஆசிரியர் யார், தேறியவர் எத்தனை பேர் என்பவற்றை ஒவ்வொரு பருவத்திலும் பகிரங்கப்படுத்த வேண்டுமென்று கோருகிறோம். மாணவர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இக்கோரிக்கையை ஒருமுகமாக எழுப்புமாக. கருவி எதுவாயினும் ஆகுக. ஆசிரியரில்லாத கல்லூரியை நம் பிள்ளைகளின் தலையில் கட்ட யாருக்கும் அதிகாரமில்லை.